வெறியும் விலையும்: இருளுலகக் கேள்வி பதில்

மாயக் கதை எழுதுகிறவர்களும், மேசையைச் சுற்றியிருந்து பகடை உருட்டிக் கதை விளையாட்டு நடத்துகிறவர்களும் அனுப்பிய கேள்விகளில், மருந்து, மது, நஞ்சு பற்றியவை மட்டும் இந்த இதழில். விடைகள் கற்பனை உலகத்துக்கானவை. எந்த இடத்தில் உண்மையான மருத்துவம் வருகிறது என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

என் கதையில் மயானத்துப் பனையில் இறக்குகிற கள் ஒன்று வருகிறது. குடித்தால் செத்தவர்களின் குரல் கேட்கும். நிறம், மணம், பேர் எல்லாம் எழுதிவிட்டேன். வாசித்தவர்கள் "கலர்த் தண்ணி மாதிரிக் கிடக்கு" என்கிறார்கள். என்ன குறை?
(வாசகர், கொக்குவில்)

நிறமும் மணமும் பேரும் கடைசியில் எழுத வேண்டியவை. முதலில் அந்தக் கள்ளுக்கு ஒரு நேரக்கணக்கு வேண்டும். எப்போது இறக்குவார்கள், எவ்வளவு நேரம் தாங்கும், பிந்தினால் என்ன ஆகும் என்பது தெரிந்தால் பாதிக் கதை தானாக வந்துவிடும்.

நீங்கள் எடுத்த பொருள் நல்ல பொருள். பனங்கள்ளின் நேரக்கணக்கு மிகக் கண்டிப்பானது. சில நாள் பாளையை இடுக்கி நசித்துப் பதப்படுத்தின பிறகுதான் சாறு சொட்டத் தொடங்கும். பிறகு காலையும் மாலையும் ஏறி, நுனியை மெல்லிய வில்லையாகச் சீவி, சாறு பிடிக்கிற மண்பானையான முட்டியைக் கட்டிவிட்டு இறங்க வேண்டும். சீவாமல் விட்டால் வெட்டுமுகம் காய்ந்து சாறு நின்றுவிடும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தால் இறங்குவது கருப்பநீர், அதாவது நொதிக்காத இனிப்புச் சாறு. பூசாவிட்டால், காற்றிலும் பழைய முட்டியிலும் இருக்கிற மதுவம் (ஈஸ்ட்) சொட்டுச் சொட்டாக விழும்போதே வேலையைத் தொடங்கிவிடும். சாற்றிலே சீனி 12 வீதமளவு இருக்கும். அது நொதித்து 5 வீதமளவு மதுசாரமாகும். ஒரு நாள் தாண்டினால் புளிப்பு ஏறி வினாகிரிப் பக்கம் போய்விடும்.

இதை அப்படியே உங்கள் மயானத்துக்குக் கொண்டுபோங்கள். விடியற்காலை இறக்கின முட்டியில் செத்தவர் பேசுவது தெளிவாகக் கேட்கும். மத்தியானத்துக்குப் பிறகு குரல் இருக்கும், சொல் குழம்பும். இரவில் புளித்த கள்ளைக் குடித்தவனுக்குச் செத்தவர் பொய் சொல்லுவார்கள். முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினால் அவர்களின் வாய் அடைந்துபோகும். இந்த ஒரு விதியால் சீவல்காரர்தான் அந்த ஊரிலேயே பலம் கூடிய ஆளாகிறார். எந்தப் பனைக்குச் சுண்ணாம்பு பூசுவது, எதை விடுவது என்பது அவர் கையில். வண்டியில் மூன்று நாள் தூரத்தில் இருக்கிற அரண்மனைக்கு இந்தக் கள் போய்ச் சேராது. தன் தகப்பனிடம் ஒரு இரகசியம் கேட்க வேண்டுமானால் அரசன்தான் விடியமுன் வந்து தவறணையில், அதாவது கள்ளுக்கடையில், குந்தி, ஓலைப் பிளாவை ஏந்த வேண்டும்.

கையெழுத்துப் பிரதியில் ஒரு பிழை கண்ணில் பட்டது. உங்கள் வில்லன் இந்தக் கள்ளைக் கண்ணாடிப் போத்தலில் அடைத்து, அரக்கு முத்திரை வைத்து ஒளித்து வைக்கிறான். நொதிக்கிற கள்ளில் வாயு கிளம்பிக்கொண்டே இருக்கும். இறுக்கி மூடினால் மூடி பறக்கும், அல்லது போத்தல் வெடிக்கும். அந்த இடத்தைத் திருத்தாமல் வெடிக்கவே விடலாம். அது கதைக்கு நல்லது.

எங்கள் விளையாட்டில் ஆட்டக்காரர்கள் மருந்துக் குப்பிகளைச் சேர்த்து வைத்து, கடைசிச் சண்டையில் நாற்பதைக் குடித்து வென்றுவிடுகிறார்கள். விலையைக் கூட்டியும் பயனில்லை.
(விளையாட்டு நடத்துநர், சாவகச்சேரி)

விலையைக் கூட்டினால் சேர்க்கிற ஆசையும் கூடும். ஆயுளைக் குறையுங்கள்.

இதற்கு ஆயத்தமான அட்டவணை ஒன்று சித்த வைத்தியத்தில் இருக்கிறது. உள்ளே சாப்பிடுகிற மருந்து வடிவம் 32, வெளியே பயன்படுத்துவது 32 என்று வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆயுள் சொல்லியிருக்கிறார்கள். சாறும் குடிநீரும் (கஷாயமும்) 3 மணித்தியாலம். சூரணம் 3 மாதம். நெய்யும் லேகியமும் 6 மாதம். எண்ணெயும் மாத்திரையும் ஒரு வருடம். மெழுகு பதத்துக்கு அரைத்த மருந்து 5 வருடம். உலோகங்களையும் தாதுக்களையும் நெருப்பில் இட்டு எடுக்கிறவற்றில் சிவந்த தூளான செந்தூரம் 75 வருடம். வெள்ளை நீறான பற்பம் 100 வருடம். சுண்ணம் 500 வருடம். இலையிலிருந்து உலோகத்துக்குப் போகப் போக ஆயுள் நீளுகிறது, செய்கிற பாடும் ஆபத்தும் கூடுகின்றன. இருளுலகத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏணி கிடைக்காது.

உங்கள் விளையாட்டில் காயம் ஆற்றுகிற சாதாரண மருந்தைக் குடிநீராக்குங்கள். எட்டுப் பங்கு தண்ணீரை ஒரு பங்காக வற்றக் காய்ச்ச வேண்டும், மூன்று மணித்தியாலத்துக்குள் குடிக்க வேண்டும். அப்போது ஆட்டக்காரர்கள் நெருப்பு மூட்ட இடம் தேடுவார்கள், புகை தெரியும், பேய்கள் வரும். சூரணம் பையிலே கிடக்கலாம், ஆனால் ஆற்றைக் கடந்தால் நனையும். ஆறுமுகப் பகடையில் 1 விழுந்தால் பொதி முழுக்கக் களியாகிவிட்டது என்று வையுங்கள். நூறு வருடம் தாங்குகிற பற்பம் முழு விளையாட்டிலும் ஒன்றோ இரண்டோதான் இருக்க வேண்டும், அதுவும் செத்த வைத்தியரின் பெட்டியில்.

அளவுக்கும் பழைய எடைகளையே எடுக்கலாம். குன்றிமணி 130 மில்லிகிராம், பணவெடை 488 மில்லிகிராம், கழஞ்சு 5.1 கிராம், பலம் 35 கிராம் என்று இன்றைய சித்த மருந்து நூல்கள் கணக்கு வைத்திருக்கின்றன. "ஒரு குப்பி" என்பதைவிட "இரண்டு குன்றி பற்பம்" என்று சொல்லும்போது ஆட்டக்காரர் மேசையில் முன்னுக்குச் சாய்வார்.

ஆயுளைவிடப் பலமான பூட்டு இரண்டு இருக்கின்றன. ஒன்று அனுபானம், மருந்தை எதோடு சேர்த்துக் குடிக்கிறோம் என்பது. விளையாட்டுக்கு இப்படி விதி போடலாம்: தேனில் குழைத்தால் உடனே வேலை செய்யும், பாதி நேரமே நிற்கும். நெய்யில் என்றால் பிந்தித் தொடங்கி இரட்டிப்பு நேரம் நிற்கும். வெந்நீர் என்றால் சாதாரணம். கள்ளோடு குடித்தால் பலன் இரட்டிப்பு, ஆனால் பகடையில் 1 அல்லது 2 விழுந்தால் மருந்து நஞ்சாகும். தேன் தீர்ந்துபோன குழு எடுக்கிற முடிவுகளைப் பார்க்க நன்றாக இருக்கும்.

மற்றது பத்தியம். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு விலக்கு வையுங்கள்: புளி, மீன், உப்பு, பகல் நித்திரை, பொய் சொல்லுதல். மருந்து எத்தனை மணித்தியாலம் வேலை செய்ததோ அத்தனை நாள் பத்தியம். முறித்தால் ஆறின காயம் அதே இடத்தில் திறக்கும். மூன்று மருந்து ஒன்றாகக் குடித்தவன் மூன்று பத்தியமும் காக்க வேண்டும். நாற்பது குடித்தவன் வாயைத் திறக்கவே ஏலாது. இதில் பிழைக்கிற இடம் ஒன்று இருக்கிறது. நடத்துநரே பத்தியத்தை மறந்துவிடுவார். ஆகவே விலக்கை ஒரு துண்டில் எழுதி ஆட்டக்காரருக்கு முன்னால் வையுங்கள். பக்கத்தில் இருப்பவர் காட்டிக்கொடுத்தால் அவருக்கு ஒரு புள்ளி. எங்களூரில் ஒருவர் பத்தியம் முறிப்பதை மற்றவர் கவனிக்கச் சொல்லித்தரத் தேவையில்லை.

ஒற்றனிடம் உண்மையை வரவழைக்க ஊமத்தை கொடுப்பதாக எழுதியிருக்கிறேன். எவ்வளவு கொடுத்தால் சரியாக இருக்கும்?
(வாசகி, பருத்தித்துறை)

அளவு எழுத மாட்டோம், நீங்களும் எழுத வேண்டாம். ஊமத்தையின் நஞ்சு செடிக்குச் செடி, ஒரே செடியிலும் காய்க்குக் காய் மாறும். அதனால் "சரியான அளவு" என்று ஒன்று கிடையாது. மயக்கத்துக்கும் மரணத்துக்கும் இடையில் இருக்கிற இடைவெளி மிகச் சின்னது.

அதைவிட, ஊமத்தை உண்மையை வரவழைக்காது. அதிலுள்ள அற்றோபின், ஸ்கொபொலமின் போன்ற பொருள்கள் நினைவையும் நிதானத்தையும் குலைக்கும். வாய் வறண்டு சோறு விழுங்க ஏலாது. தோல் சிவந்து, சூடாகி, வியர்வை அற்றுப்போகும். கண்மணி விரிந்து பகல் வெளிச்சம் குத்தும், கிட்டவுள்ள எழுத்துத் தெரியாது. இல்லாத ஆளோடு நிதானமாகக் கதைப்பான், காற்றில் நூல் பிடுங்குவான், உடுப்பைக் கழற்றுவான். தெளிந்த பிறகு நடந்தது பெரும்பாலும் ஞாபகம் இராது. ஆங்கிலேயர் காலத்து இந்தியாவில் வழிப்பறிக்காரர் பயணிகளின் சாப்பாட்டில் இதைக் கலந்ததற்குக் காரணமும் அந்த மறதிதான், முறைப்பாடு செய்கிறவனுக்கே முகம் நினைவிராது.

உங்கள் ஒற்றன் கேள்வி கேட்பவனைத் தன் செத்துப்போன தமையன் என்று நினைத்துக் கதைக்கட்டும். சொல்லுகிறதில் எது உண்மை, எது பிரமை என்று விசாரணைக்காரன் பிரித்தெடுக்க முடியாமல் தவிக்கட்டும். உண்மை பேசவைக்கிற மருந்தைவிட இது இருட்டானது.

உங்கள் வைத்தியர் பாத்திரத்துக்கு ஒரு சோதனை. விளக்கைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோகட்டும். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி மூச்சு மெதுவாக இருந்தால் அபின். விரிந்திருந்தால் இரண்டு வழி: வாயும் தோலும் வறண்டிருந்தால் ஊமத்தை. மூக்கும் கண்ணும் வடிந்து, கொட்டாவி விட்டு, மயிர்க்கூச்செறிந்தால் அவன் அபின் கிடைக்காமல் தவிக்கிறவன்.

கதைக்கு வெளியே யாராவது ஊமத்தை தின்றால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பேயை விரட்ட, கதாநாயகன் வாயில் கள்ளை வைத்து நெருப்பில் ஊதுகிறான். சரியா?
(மாணவர், உடுவில்)

நெருப்பு அணைந்துபோகும். 5 வீதக் கள் எரியாது. மதுவம் தான் உண்டாக்கின மதுசாரத்திலேயே மயங்கிச் செத்துவிடுவதால், எவ்வளவு நொதித்தாலும் 15 வீதமளவில் நின்றுவிடும். எரிகிற மது வேண்டுமானால் உங்கள் உலகத்தில் வாலை இருக்க வேண்டும், அதாவது காய்ச்சி வடிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். 40 வீதச் சாராயம் தயங்கித்தான் பற்றும், சூடாக்கினால் சுறுக்காகப் பற்றும். 57 வீதத்தில் நனைத்த வெடிமருந்தும் தீப்பிடிக்கும். அந்தக் காலத்தில் சாராயத்தின் பலத்தை அப்படித்தான் சோதித்தார்கள். சுவாலை நீலம், வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. இரவிலே ஊதவிடுங்கள். நீங்கள் முயல வேண்டாம், முகம் போய்விடும்.

ஒரு ஊர் முழுக்கக் குடிக்கிற சாராயம் நஞ்சாகிறது. முதல் இரவே எல்லாரும் விழுந்து சாகிற மாதிரி எழுதினேன். அது செயற்கையாக இருக்கிறது.
(வாசகர், காரைநகர்)

அவர்களை முதல் இரவு பாட்டுப்பாடி வீட்டுக்குப் போக விடுங்கள்.

சாராயத்தை இப்படி நஞ்சாக்குவது மெதனோல் என்ற நச்சு மதுசாரம். அதன் கொடுமை அது பிந்தி வருவதுதான். குடிக்கும்போது ருசியிலோ வெறியிலோ பெரிய வித்தியாசம் தெரியாது. உடம்பு அதை ஃபோர்மல்டிகைட்டாகவும் பிறகு ஃபோர்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது, கொல்லுவது அந்த அமிலம். 12 முதல் 24 மணித்தியாலம் கழித்துத் தலையிடி, வயிற்றுநோ, சத்தி, ஆழமான வேகமூச்சு. பிறகு கண். மேலைநாட்டு நோயாளர்கள் பனி கொட்டுகிற வெளியில் நிற்கிற மாதிரி என்று சொல்லியிருக்கிறார்கள். பனியே காணாத உங்கள் ஊர்க்காரர் என்ன சொல்லுவார் என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும். உப்பளத்து வெயிலைச் சொன்னாலும் பொருந்தும். கண்நரம்பு கெட்டால் பார்வை திரும்பாமலே போகலாம்.

கதைக்கு இதில் ஒரு பொல்லாத முடிச்சு இருக்கிறது. சாதாரண மதுசாரமான எதனோலும் மெதனோலும் உடம்பில் அவற்றை மாற்றுகிற ஒரே நொதியத்துக்கு (என்சைமுக்கு) போட்டி போடுகின்றன. எதனோல் முந்திக்கொண்டால் மெதனோல் அமிலமாக மாறாமல் மெல்ல மெல்ல வெளியேறும். வைத்தியசாலைகளில் இதற்குத் தனி மருந்தும், அது இல்லாத இடத்தில் எதனோலும் கொடுக்கிறார்கள், இரத்தத்தைச் சுத்திகரிக்கவும் செய்கிறார்கள். உங்கள் உலகத்தில், ஊருக்கு வந்த வைத்தியச்சி குருடாகிக்கொண்டிருக்கிற ஆட்களுக்கு இன்னும் சாராயம் ஊற்றச் சொல்லுவாள். ஊர் அவளைத்தான் சூனியக்காரி என்று பிடிக்கும். அன்றிரவு குடித்து, அடுத்த நாளும் நல்ல சாராயத்தை விடாமல் குடித்த வெறிக்குட்டி ஒருவன் தப்பிவிடுவான். குடியை வெறுத்து விடியவே நிறுத்தினவனுக்குக் கண் போகும். நியாயமே இல்லாத இந்தக் கணக்கு உங்கள் வகைக் கதைக்கு ஏற்றது.

ஒரு நம்பிக்கையையும் திருத்த வேண்டும். வடிக்கும்போது முதலில் வருகிறதை ஊற்றிவிட்டால் மெதனோல் முழுக்கப் போய்விடும் என்று கசிப்புக்காரர் சொல்லுவதுண்டு. மெதனோல் வடிப்பு முழுவதிலும் கலந்து வரும். பெரிய சாவுகள் நடப்பது அநேகமாகத் தொழிற்சாலை மதுசாரத்தை யாரோ இலாபத்துக்காகக் கலப்பதால்தான். உங்கள் வில்லனுக்கும் மந்திரம் தேவையில்லை, பேராசை போதும்.

போதைக்கு அடிமையாவதை விளையாட்டில் எப்படிக் கொண்டுவருவது? புள்ளி குறைத்தால் ஆட்டக்காரர்கள் பொருட்படுத்துகிறார்கள் இல்லை.
(விளையாட்டுக் குழு, மானிப்பாய்)

புள்ளி குறைப்பது தண்டனை. அடிமையாவது அப்படி வருவதில்லை, முதலில் அது உதவிதான் செய்யும். ஆகவே மருந்தின் பலனைத் தாராளமாகக் கொடுங்கள், பிறகு மெல்லப் பிடுங்குங்கள்.

ஒவ்வொரு தரமும் குடிக்கும்போது ஆட்டக்காரர் தன் முன்னால் ஒரு புளியங்கொட்டை வைக்கட்டும். குடித்ததும் ஆறுமுகப் பகடை உருட்ட வேண்டும். விழுந்த எண் கொட்டைகளின் தொகைக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் பலன் பாதிதான், முழுப் பலன் வேண்டுமானால் இரண்டாவது குப்பி குடிக்க வேண்டும், இன்னொரு கொட்டையும் வைக்க வேண்டும். மூன்று கொட்டையில் சரிபாதி வாய்ப்பு. ஆறு வந்துவிட்டால் ஒரு குப்பியில் முழுப் பலன் இனி ஒருபோதும் இல்லை. குடிக்காமல் மூன்று நாள் கழிந்தால் ஒரு கொட்டை குறையும். கொட்டைகள் கண்ணுக்கு முன்னால் கிடப்பது முக்கியம், தாளில் எழுதினால் மறந்துவிடுவார்கள்.

நிறுத்துகிறபோது வருகிற பாட்டை மருந்தின் வகையைப் பார்த்து எழுதுங்கள். அபின் வகையென்றால் கடைசித் தடவைக்குப் பின் 8 முதல் 12 மணித்தியாலத்தில் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு கிழமையளவில் தணியும். வயிற்றோட்டம், தசைவலி, நித்திரையின்மை என்று சீவன் போகிற மாதிரி இருக்கும், ஆனால் சாவது அரிது. நெடுநாள் குடிகாரன் திடீரென்று நிறுத்துவதுதான் உண்மையில் ஆபத்து: முதல் நாளிலேயே கைநடுக்கம், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு தொடக்கம் நான்கு நாளில் பிரமையும் காய்ச்சலும் சேர்ந்து ஆளைக் கொண்டுபோகலாம். உண்மை வாழ்க்கையில் அப்படி நிறுத்துவது வைத்தியரின் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். இருளுலகக் கதைகளில் பெரும்பாலானவர்கள் இந்த இரண்டையும் தலைகீழாக எழுதுகிறார்கள்.

ஒரு மாதம் நிறுத்தி வைத்திருந்தவன் பழைய அளவையே ஒரே மூச்சில் குடித்தால், தாங்கும் சக்தி போய்விட்டதால் அது அவனைக் கொல்லும். விளையாட்டிலும் அப்படியே: கொட்டை ஆறிலிருந்து ஒன்றுக்கு இறங்கியவர் பழைய பழக்கத்தில் இரண்டு குப்பி குடித்தால், இருபதுமுகப் பகடையில் 10க்கு மேல் விழாவிட்டால் மூச்சு நிற்கும். இந்த விதியை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒளித்து வைத்துப் பிறகு எடுத்தால் சண்டை வரும்.

சிறுவயதிலிருந்து நஞ்சு ஊட்டி வளர்த்த நஞ்சுக்கன்னி சாத்தியமா?
(வாசகி, நல்லூர்)

நஞ்சைப் பொறுத்தது. பாம்பின் விஷம் பெரும்பாலும் புரதம். உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் செய்யும், குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றித்தான் விஷமுறிவு மருந்து எடுக்கிறார்கள். அபினுக்கு உடம்பு பழகும். ஈயமும் பாதரசமும் பழகாது, எலும்பிலும் மூளையிலும் சேர்ந்துகொண்டே போகும். கி.மு. 63இல் இறந்த, கருங்கடல் கரையிலிருந்த பொந்தஸ் நாட்டு அரசன் மித்ரிடேட்டஸ் தினமும் நஞ்சு தின்று பழகியதால், தற்கொலைக்கு நஞ்சு குடித்தும் சாகாமல் காவலனின் வாளைக் கேட்டான் என்பது கதை. முத்தத்தால் கொல்லுகிற அளவுக்கு ஒருத்தியின் உடம்பில் நஞ்சு தங்கியிருந்தால் முதலில் சாவது அவள்தான். அதற்கு உங்கள் உலகத்தில் தனி மாயம் வேண்டும், அதன் செலவை அவளிடமே வாங்குங்கள்.

சண்டைக்கு நடுவில் மருந்து குடிப்பதை எப்படி நம்பவைப்பது?
(விளையாட்டு நடத்துநர், ஊர்காவற்றுறை)

குடிக்க வைக்காதீர்கள். விழுங்கியது வேலை செய்யக் கால் மணித்தியாலமாவது வேண்டும், வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் இன்னும் பிந்தும். அதற்குள் வாள்சண்டை முடிந்துவிடும். சித்தவைத்தியத்தின் வெளிமருந்துகளைப் பாருங்கள்: மூக்கில் விடுகிற நசியம், கண்ணில் விடுகிற கலிக்கம், புகை, ஆவி பிடிக்கிற வேது. புகையும் நசியமும் விளையாட்டில் அடுத்த சுற்றிலேயே வேலை செய்யலாம். ஆனால் புகை காற்றடிக்கிற பக்கத்து எதிரிக்கும் போகும், நசியம் விட்டவன் ஒரு சுற்றுக்குத் தும்முவான். கலிக்கம் இட்டவனுக்குப் பேய் தெரியும், மூன்று சுற்றுக்கு மனிதர் மங்கலாகத்தான் தெரிவர். உங்கள் குழுவின் வில்லாளனுக்கு அதைக் கொடுத்துப் பாருங்கள், முன்வரிசையில் நிற்கிறவர்கள் தாங்களாகவே விலகுவார்கள்.